டவர் முழுசாக் காட்டுது, போன் போகல: வைகைக் கரையில் இரண்டு சித்ரா பௌர்ணமிகள்

2024 ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை. அதிகாலை ஐந்தே முக்கால். கோரிப்பாளையம் பக்கம், வைகையின் வடகரையில், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் இரண்டு சோதனைப் போன்களுமாக நின்றிருந்தேன். என்னை ஒட்டி ஓர் அம்மா. கையில் சொம்பு, சொம்பு நிறையச் சர்க்கரை, மேலே வாழையிலை, அதன்மேல் சூடம். கூட வந்த மகன் கூட்டத்தில் பிரிந்துவிட்டான்.

"டவர் முழுசாத்தான் காட்டுது தம்பி. போக மாட்டேங்குது. ஒருக்கா உங்க போன்ல போட்டுப் பாருங்களேன்."

போட்டேன். என் போனிலும் நாலு கட்டையும் நிமிர்ந்து நின்றன. கால் போகவில்லை. மறுபடி போட்டேன். திரை இருண்டு, திரும்ப எண் பலகைக்கே வந்தது. அந்த அம்மாவின் சிம்மும் எங்கள் கம்பெனி சிம்தான். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து நீர்மோர்ப் பந்தல் மைக்கில், இன்ன ஊரிலிருந்து வந்த இன்னார் எங்கிருந்தாலும் பந்தலுக்கு வரவும், உங்கள் மகன் இங்கே நிற்கிறான் என்று அறிவித்தார்கள். அம்மா சொம்பை அணைத்துக்கொண்டு கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போனார். பல கோடி ரூபாய் அலைக்கற்றை செய்யாத வேலையை ஒரு குழாய் ஸ்பீக்கர் செய்து முடித்தது.

நான் ரேடியோ ஆப்டிமைசேஷன் வேலை பார்ப்பவன். டவர் நட்ட பிறகு அதன் ஆன்டெனா எந்தப் பக்கம் பார்க்கணும், எவ்வளவு குனியணும், எவ்வளவு சத்தமாகப் பேசணும், யாரை எப்போது உள்ளே விடணும் என்று பார்ப்பது எங்கள் பாடு. அந்தக் காலையில் என்ன நடந்தது, அடுத்த வருஷம் 2025 மே 12க்குள் எதை எதை மாற்றினோம் என்பதன் பதிவு இது. கம்பெனியின் பெயர் வேண்டாம். உள்கணக்குகளை வெளியே விட எனக்கு அனுமதியும் இல்லை. அதனால் தொழில்நுட்ப விதிகளில் எல்லோருக்கும் தெரிந்த எண்களை வைத்தே பேசுகிறேன்.

ஆற்றை யாரும் டிசைன் செய்யவில்லை

மதுரையின் உள்வீதிகள் எங்கள் தொழிலுக்குக் கடவுள் கொடுத்த வரம். சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று சுற்றிச் சுற்றிக் கட்டடங்கள். ஒரு செக்டாரின், அதாவது டவரில் ஒரு பக்கம் பார்க்கும் ஆன்டெனாவின், சிக்னல் இரண்டு வீதி தாண்டுவதற்குள் ஏதாவது ஒரு சுவரில் முட்டி ஓய்ந்துவிடும். அதற்கப்புறம் அடுத்த டவரின் ராஜ்ஜியம். எல்லை தெளிவாக இருந்தால் சண்டை குறைவு.

ஆறு அப்படியல்ல. வடக்கே கோரிப்பாளையம், செல்லூர், தல்லாகுளம். தெற்கே சிம்மக்கல், யானைக்கல். இரண்டு கரை மொட்டை மாடி டவர்களும் நடுவில் தடையே இல்லாமல் ஆற்றை எட்டிப் பார்க்கின்றன. வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம் நாள் அங்கே போன் வைத்திருப்பவர் என்று பெரிதாக யாரும் நிற்பதில்லை. அதனால் ஆற்றுக்கென்று ஒரு செல், அதாவது ஓர் ஆன்டெனா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட பரப்பு, கிடையாது. கரையிலிருந்து வழிந்ததுதான் ஆற்றின் சிக்னல். சித்ரா பௌர்ணமி அன்று, கள்ளழகர் தங்கக் குதிரையில் ஏறி வந்து இறங்குகிற நேரம், அந்த வழிசலை நம்பி லட்சக்கணக்கானோர் வந்து நிற்கிறார்கள்.

இன்னொன்று, கூட்டமே ஒரு சுவர். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர்தான், தண்ணீர் ரேடியோ அலையை விழுங்கும். முந்தின இரவு காலி மணலில் நடந்து சிக்னலை அளந்து எடுத்த டிரைவ் டெஸ்ட் படம் பச்சைப்பசேல் என்றிருக்கும். அதே இடத்தில் தோளோடு தோள் உரசி ஆள் நிற்கும்போது, இடுப்பு உயரத்தில் பிடித்த போனுக்கும் டவருக்கும் நடுவே எத்தனை உடம்பு குறுக்கே நிற்கிறதென்று அந்தப் படத்துக்குத் தெரியாது. அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டால் நிற்கும் இடமும் மாறும். மணலில் பரவ வேண்டிய கூட்டம் கரையோரமாக நெருக்கியடிக்கும்.

மூன்றாவது, அழகர் ஓரிடத்தில் நிற்பவர் அல்லர். மூன்றுமாவடியில் எதிர்சேவை, தல்லாகுளத்தில் ராத்தங்கல், விடியலில் ஆறு, உச்சிப்பொழுதில் ராமராயர் மண்டபத்தில் தீர்த்தவாரி, இருட்டினால் வண்டியூர். மறுநாள் தேனூர் மண்டபம், அன்றிரவு முழுக்கத் தசாவதாரம். அவர் போகிற வழியெல்லாம் லோடும் போகும். ஓரிடத்தில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட முடியாது.

இதையெல்லாம் வீடியோ ஸ்டேட்டஸ் வைக்கிறவர்களுக்காக மட்டும் பார்க்கவில்லை. 2022 ஏப்ரல் 16 அன்று இதே வைகையில் நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். காவல்துறைக்கு வயர்லெஸ் தனியாக இருக்கிறது. கூட்டத்தில் மயங்கி விழுந்தவரின் பக்கத்தில் நிற்பவரிடம் இருப்பது சாதா போன்தான். 108 போட்டால் போகணும்.

முதல் வருஷம்: பாடப்புத்தகப்படி செய்த மூன்று தப்பு

2024இல் திருவிழா தேர்தலோடு ஒட்டி வந்தது. தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19. நாலாம் நாள் அழகர். யாரிடம் அனுமதிக் கடிதம் கொண்டுபோனாலும் "எலெக்‌ஷன் முடியட்டும் சார்" என்றார்கள். கடைசியில் கையில் இருந்த அவகாசத்துக்கு எது முடியுமோ அதைச் செய்தோம்.

ஒன்று, சக்கரம் வைத்த தற்காலிக டவரைக் கரையோரம் கொண்டுவந்து நிறுத்தினோம். ஆங்கிலத்தில் அதன் பெயரைச் சுருக்கினால் பசு என்று அர்த்தம் வரும். டவரில் ஏறி ஆன்டெனா மாட்டும் எங்கள் ரிக்கர் அண்ணன் அதை "மாட்டு வண்டி" என்றே சொல்வார். இரண்டு, சுற்றியுள்ள செக்டார்களின் டில்ட்டை, அதாவது ஆன்டெனா குனியும் கோணத்தை, குறைத்தோம். குனிந்திருந்த ஆன்டெனாவை நிமிர்த்தினால் சிக்னல் ஆற்றுக்குள் இன்னும் நன்றாக விழும் என்பது கணக்கு. பவரும் முழுசு. மூன்று, வேலையில்லாமல் இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் போன்களைச் சீக்கிரம் கழற்றிவிட, சும்மா இருந்தால் துண்டிக்கும் டைமரைப் பத்து வினாடியிலிருந்து ஐந்தாக்கினோம்.

மூன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமான காரியங்கள்தான். மூன்றும் சேர்ந்துதான் அந்த அம்மாவின் போனை ஊமையாக்கின.

மைக்கும் காதும்

போனில் தெரியும் கட்டைகள் எதைக் காட்டுகின்றன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இது புரியாமல் மற்றது புரியாது. டவர் இடைவிடாமல் ஓர் அடையாள சிக்னலை அனுப்பிக்கொண்டே இருக்கும். அது எவ்வளவு பலமாக வந்து விழுகிறது என்பதைத்தான் கட்டைகள் காட்டுகின்றன. அதாவது, நீர்மோர்ப் பந்தல் மைக் உங்களுக்குக் கேட்கிறதா என்பது மட்டும். நீங்கள் கூட்டத்துக்குள்ளிருந்து "ஐயா, நான் இங்கே இருக்கேன்" என்று கத்தினால் மைக் பிடித்திருப்பவருக்குக் கேட்குமா என்பது வேறு விஷயம். டவர் பல வாட் சக்தியில் பேசும். உங்கள் போனின் அதிகபட்சம் 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட்.

விழா முடிந்து கவுண்டர்களை, அதாவது டவர் தானே எண்ணி வைக்கும் கணக்குகளை, இறக்கிப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது அப்லிங்க் இரைச்சல். அப்லிங்க் என்றால் போனிலிருந்து டவருக்குப் போகும் பாதை. 4ஜியில் அலைக்கற்றையை 180 கிலோஹெர்ட்ஸ் துண்டுகளாக வெட்டித்தான் பங்கு வைப்பார்கள். ஆளே பேசாத நேரத்திலும் இயற்கை வெப்பத்தால் ஒரு துண்டில் மைனஸ் 121 டிபிஎம் இரைச்சல் இருக்கும். ரிசீவரின் சொந்தக் கரகரப்பைச் சேர்த்தால் மைனஸ் 118 பக்கம். ஆற்றைப் பார்த்த செக்டார்களில் இரவு பத்து மணிக்குக் கிட்டத்தட்ட அங்கேதான் இருந்தது. மூன்று மணிக்கு மேல் படிப்படியாக ஏறி, ஐந்தரைக்கு மைனஸ் 100ஐ எட்டிப்பிடிக்கிற மாதிரி போய்விட்டது. டெசிபல் கணக்கில் பத்து கூடினால் பத்து மடங்கு, இருபது கூடினால் நூறு மடங்கு. டவரின் காதில் ஏறக்குறைய அறுபது மடங்கு இரைச்சலை நிரப்பிவிட்டு, இடுப்பு உயரத்தில் பிடித்த ஒரு 200 மில்லிவாட் குரலைக் கேள் என்றால் எப்படிக் கேட்கும்?

இரைச்சலை வெளியிலிருந்து யாரும் கொண்டுவரவில்லை. நம்முடைய போன்களேதான். ஒரு செல்லில் இருக்கும் போனின் குரல் பக்கத்து செல்லுக்கு இரைச்சல். நாங்கள் டில்ட்டை நிமிர்த்தியபோது டவரின் வாய் மட்டும் ஆற்றுப் பக்கம் திரும்பவில்லை, காதும் திரும்பியது. ஒரே ஆன்டெனாதானே. விளைவாக ஆற்றில் நின்ற ஒவ்வொரு போனும் அத்தனை டவர் காதிலும் விழுந்தது. எந்தக் காதிலும் தெளிவாக விழவில்லை.

அடுத்தது வாசல். ஒரு போன் முதன்முதலாக உள்ளே வர வேண்டுமானால், 64 வகைத் தட்டல்களில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து டவரின் கதவைத் தட்டணும். அதிலும் சில வகை, பக்கத்து செல்லிலிருந்து மாறி வருகிறவர்களுக்கு ஒதுக்கியது. ஒரே நொடித்துளியில் இரண்டு போன் ஒரே வகைத் தட்டலைத் தட்டினால் இரண்டுமே உள்ளே வர முடியாமல் போகலாம். தோற்ற போன் சும்மா இருக்குமா? அடுத்த முறை 2 டெசிபல் சத்தம் கூட்டித் தட்டும். அப்புறம் இன்னும் 2. வழக்கமான அமைப்பில் பத்து தடவை வரை. ஒவ்வொரு தட்டலும் மற்றவர் காதுக்கு இரைச்சல். இரைச்சல் கூடினால் இன்னும் பல தட்டல் தோற்கும், தோற்றவை இன்னும் சத்தமாகத் தட்டும். சந்தைக்கடையில் ஒருத்தன் குரலை உயர்த்தினால் எல்லோரும் உயர்த்துவார்களே, அந்தக் கதைதான்.

இந்த இடத்தில்தான் ஐந்து வினாடி டைமர் எங்களுக்கு ஆப்பு வைத்தது. கையில் இருக்கும் போன் உரிமையாளர் தொடாவிட்டாலும் பேசிக்கொண்டே இருக்கும். வாட்ஸ்அப் செய்தி வந்ததா, மெயில் வந்ததா, அப்டேட் உண்டா என்று சில வினாடிக்கு ஒருமுறை. பத்து வினாடி விட்டிருந்தால் பல போன்கள் ஒரே இணைப்பிலேயே அடுத்த வேலையையும் முடித்திருக்கும். ஐந்தில் வெளியே தள்ளினோம். அது மறுபடி வந்து கதவைத் தட்டியது. உள்ளே கூட்டம் குறைந்த மாதிரி அறிக்கை காட்டியது உண்மை. வாசலில் குவிந்ததை அந்த அறிக்கை காட்டாது.

உள்ளே வந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. ஒவ்வொரு ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்கும் டவர் ஒரு சீட்டு ஒட்டும்: இந்த நொடியில் இன்னாருக்கு இந்தத் துண்டு. 20 மெகாஹெர்ட்ஸ் செல்லில் 100 துண்டுகள் இருந்தாலும், சீட்டு ஒட்டும் பலகையில் முழு இடம் கொடுத்தும் எண்பத்துச் சொச்சம் கட்டங்கள்தான். சிக்னல் சுத்தமாக இருப்பவருக்கு ஒரு கட்டம் போதும். குழப்பத்தில் நிற்பவருக்கு அதே சீட்டை எட்டுக் கட்டத்தில் பெரிதாக எழுதினால்தான் படிக்க முடியும். நாலைந்து டவர் ஒரே அலைவரிசையில் ஆற்றுக்குள் கத்திக்கொண்டிருந்ததால் எல்லோருமே எட்டுக் கட்டக்காரர்கள் ஆனார்கள். விளைவு வேடிக்கையானது. தரவு ஓடும் பாதையில் துண்டுகள் காலியாகக் கிடக்கின்றன, ஆனால் "இது உனக்கு" என்று எழுதிக் கொடுக்கப் பலகையில் இடமில்லை. மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் துண்டுப் பயன்பாடு அறுபது எழுபது என்று நிற்கும். "இன்னும் கெப்பாசிட்டி இருக்கே, ஏன் கம்ப்ளெயின்ட்?" என்று கேட்பார்கள். கேட்டார்கள்.

மாட்டு வண்டியும் இந்தக் கச்சேரியில் சேர்ந்துகொண்டது. சுற்றியுள்ள டவர்களின் அதே அலைவரிசையிலேயே அதையும் போட்டிருந்தோம், வேறு கைவசம் இல்லை. ஆக, ஏற்கெனவே நாலு பேர் பேசும் இடத்தில் ஐந்தாவதாக ஒருத்தரைக் கூட்டிவந்து விட்டோம்.

ஒரு வீடியோவின் எடை

அலுவலகத்தில் இதை விளக்க நான் போட்ட கணக்கு இது. அழகர் இறங்கும் காட்சியை ஒருவர் எடுத்து அனுப்புகிறார். கோப்பு 16 எம்பி என்று வையுங்கள். எட்டால் பெருக்கினால் 128 மெகாபிட். நெரிசலில் ஒரு செல்லின் அப்லிங்க் மொத்தமாக 10 மெகாபிட் கொடுத்தால், வேறு யாருக்கும் எதுவும் தராமல் முழுசாக அவருக்கே கொடுத்தாலும் 13 வினாடி. அந்த செல்லில் முந்நூறு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கு மேல். தங்கக் குதிரை ஆற்றில் கால் வைக்கிற அந்தச் சில நிமிஷத்தில் முந்நூறு பேர் அல்ல, கை தூக்காதவர்களை எண்ணுவதுதான் சுலபம்.

2300 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில் இன்னொரு சங்கடம். அங்கே போவதும் வருவதும் ஒரே பாதையில், முறை வைத்து. பரவலாக உள்ள அமைப்பில் பத்துப் பங்கில் ஆறு இறக்கத்துக்கு, இரண்டு ஏற்றத்துக்கு, மீதி மாறுகிற நேரத்துக்கு. வீட்டில் உட்கார்ந்து படம் பார்ப்பவனுக்கு வாகான பங்கீடு. திருவிழாவில் ஜனம் பார்க்க வருவதில்லை, காட்ட வருகிறது.

5ஜி வந்துவிட்டதே என்பார்கள். 2022 அக்டோபரில் நாட்டில் தொடங்கியது, மதுரைக்கும் வந்தது. எங்கள் 5ஜி 4ஜியின் தோளில் ஏறி நிற்கும் வகை. தரவு 5ஜியில் பறக்கும், ஆனால் கதவைத் தட்டுவது 4ஜி வாசலில்தான். வாசலே அடைத்திருக்கும்போது மாடியில் எத்தனை அறை இருந்து என்ன?

இரண்டாம் வருஷம்: வாயைக் குறை

2025க்கான வேலையை மார்கழியிலேயே ஆரம்பித்தோம். முதலில் ஆற்றில் எட்டிப் பார்க்கும் அத்தனை செக்டாரையும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக "உனக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்டோம். முக்கால்வாசிக்குப் பதில் இல்லை. அவற்றையெல்லாம் குனியவைத்தோம். இரண்டு மூன்று டிகிரியில் இருந்தவை எட்டு, ஒன்பதுக்கு இறங்கின. இரண்டு செக்டாரை ஓர் அலைவரிசையில் அந்த நாலு நாளுக்கு அணைத்தே வைப்பது என்று முடிவானது. டவரை அணைத்தால் நெட்வொர்க் நன்றாகும் என்று மேலதிகாரியிடம் சொல்லிப் பாருங்கள், உங்களைப் பார்க்கும் பார்வையே தனி.

பிறகு ஆற்றைக் கோடு கோடாகப் பிரித்தோம். சாதாரண செக்டார் ஆன்டெனாவின் விரிவு 65 டிகிரி. அதற்குப் பதில் 33 டிகிரி அளவில் இரண்டு குறுகிய கற்றை கொடுக்கும் ஆன்டெனாவை வைத்தால் ஒரு செக்டார் இரண்டு செல்லாகும். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு முதலாளி, பக்கத்துக் கோட்டில் அவன் மூக்கை நுழைக்கக் கூடாது.

இவற்றைக் கரையோரத்தில் தாழ்வான கம்பங்களில் வைக்கலாம் என்பது என் யோசனை. கிட்டே இருந்தால் நல்லதுதானே என்று. ரிக்கர் அண்ணன் இடத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், இந்த ஒசரத்துல வச்சா மொத வரிசையில நிக்கிறவன் மண்டையத்தான் பாக்கும். பின்னாடி இருக்கவன் என்னா பண்ணுவான்?" அவர் சொன்னதுதான் சரி. படுத்த கோணத்தில் போகும் அலை உடம்பு உடம்பாக முட்டிக்கொண்டு போகும். மேலேயிருந்து செங்குத்தாக இறங்கினால் தலைக்கும் தலைக்கும் நடுவே விழும். கம்பத்தை விட்டுவிட்டு மூன்று மாடி, நாலு மாடி மொட்டை மாடி தேடினோம்.

அங்கே வந்தது அடுத்த வில்லங்கம். ஆற்றைப் பார்த்த மொட்டை மாடி என்பது சித்ரா பௌர்ணமி அன்று சொத்து. சொந்தக்காரர்கள், சம்பந்தி வீட்டார், ஒருகாலத்தில் பக்கத்தில் குடியிருந்தவர்கள் என்று முந்தின ராத்திரியே பாய் விரித்திருப்பார்கள். வடகரையில் ஒரு வீட்டு ஆச்சி எங்களை நிற்கவைத்தே கேட்டார்: "ஏன்ப்பா, இந்த டப்பாவுலருந்து வர்ற கதிர் புள்ளைகளுக்கு ஆகாதுங்கிறாக. நீ பாட்டுக்கு மாட்டிட்டுப் போயிருவ."

நியாயமான கேள்வி. சர்வதேச அளவில் பரிந்துரைத்த வரம்பில் பத்தில் ஒரு பங்கைத்தான் இந்தியா 2012 முதல் வரம்பாக வைத்திருக்கிறது என்று சொன்னேன். அதற்குக் கணக்குப் போட்டுச் சான்று கொடுக்க வேண்டும், ஆன்டெனாவுக்கு நேர் எதிரே இத்தனை அடிக்குள் ஆள் நிற்கக் கூடாது என்ற விதியும் உண்டு. ஆச்சிக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. "நிக்கக் கூடாதா? அப்ப எங்க சனம் எங்க நின்னு அழகரப் பாக்கும்?" கடைசியில் தண்ணீர்த் தொட்டியின் மேல் இரும்புச் சட்டம் கட்டி, கைப்பிடிச் சுவரில் நிற்பவர்கள் தலைக்கு மேலே போகும்படி ஆன்டெனாவை ஏற்றினோம். வாடகை போக, காலையில் எங்கள் ஆட்கள் நாலு பேருக்கும் சேர்த்து இட்லி அவிப்பதாக அவரே சொன்னார். தொட்டி ஓரமாக எனக்கும் ஓர் இடம் கிடைத்தது.

அளவுருக்களில் செய்தவை வெளியே தெரியாத வேலைகள். டைமரைப் பத்துக்கே திருப்பினோம். கதவு தட்டும் வாய்ப்பை இரட்டிப்பாக்கினோம். அதற்கு ஒவ்வொரு முறையும் அப்லிங்கில் ஆறு துண்டு காவு கொடுக்கணும், கொடுத்தோம். தட்டும் தடவையைப் பத்திலிருந்து குறைத்தோம். தோற்றவன் உடனே தட்டாமல் கொஞ்சம் காத்திருந்து தட்டும்படி இடைவெளி வைத்தோம். போன்கள் எந்த அளவு குரலில் பேசணும் என்று டவர் அறிவிக்கும் இலக்கைத் தாழ்த்தினோம். இதுதான் மொத்த வேலையிலும் மிக முக்கியமானது என்பேன். எல்லோரும் ஒருசேரக் குரலைத் தாழ்த்தினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஓரத்தில் நிற்பவருக்கு மட்டும் சங்கடம், அதற்காகத்தான் கோடு பிரித்து ஓரங்களைக் கிட்டே கொண்டுவந்திருந்தோம். "எனக்கு அனுப்ப ஏதோ இருக்கு" என்று போன் கை தூக்கும் இடைவெளியையும் 80 மில்லி வினாடிக்கு நீட்டினோம். ஒரே இடத்தில் நாலு மடங்கு பேருக்கு முறை கிடைக்கும். மனிதனுக்கு அந்தத் தாமதம் தெரியாது.

குரல் அழைப்புக்குத் தரவை விட முன்னுரிமை எப்போதுமே உண்டு. உள்ளே வந்தபிறகுதான் அந்த உரிமை செல்லும். வாசலில் அழைப்பும் ஸ்டேட்டஸும் ஒரே வரிசை. ஆகவே குரலைக் காப்பாற்றுவது என்றால் வாசலைக் காப்பாற்றுவதுதான். சாதா போன்களைச் சீட்டுக் குலுக்கல் மாதிரி வடிகட்டி, ஒரு பகுதியைச் சில வினாடிகள் வெளியே நிறுத்தும் தடுப்பு விதி ஒன்று 4ஜியில் இருக்கிறது. அதைத் தயாராக எழுதி வைத்தோம், போடவில்லை. நெரிசலில் யார் எதற்காகக் கதவைத் தட்டுகிறார்கள் என்று நமக்குத் தெரியாது. முடிந்தவரை அதைத் தொடக்கூடாது என்பது என் கட்சி.

டவரை மொத்த நெட்வொர்க்கோடு சேர்க்கும் பின்புல இணைப்பைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. போன தடவை மைக்ரோவேவில் ஓடிய மாட்டு வண்டிக்கு இந்தத் தடவை ஃபைபர், இரண்டு வழியில். வண்டியும் இந்த முறை ஆற்றங்கரையில் இல்லை, வண்டியூர்ப் பக்கம் போய்விட்டது. அங்கேதான் அதற்கு வேலை.

மே 12

2025இல் திங்கட்கிழமை. ஆச்சி வீட்டுத் தொட்டி ஓரம், மடியில் லேப்டாப். நாலு மணிக்கெல்லாம் கரை தெரியவில்லை, தலைதான் தெரிந்தது. இரைச்சல் ஏறத்தான் செய்தது. மூன்றரைக்கு ஏறி, நாலரைக்கு ஏறி, பின் ஒரு மட்டத்தில் நின்றது. போன வருஷம் நிற்காமல் ஏறிய கோடு அது. அப்படியே படுத்துக் கிடப்பதைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த பையனிடம் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு இட்லி சாப்பிடப் போனேன்.

அழைப்புகள் போயின. ஐந்தரைக்கு ஆற்றுக்குள்ளிருந்து எங்கள் ஆள் கூப்பிட்டான். பின்னால் "கோவிந்தா" கோஷத்தில் அவன் சொன்னது ஒன்றும் புரியவில்லை, ஆனால் லைன் அறுந்துபோகவில்லை. ஆறு மணியை ஒட்டி அழகர் இறங்கினார். அந்த நிமிஷத்தில் கவுண்டரில் ஒரு விநோதம்: கால்கள் சட்டென்று குறைந்தன. எல்லோர் கையும் மேலே, எல்லோர் போனும் கேமராவில். அடுத்த இரண்டு நிமிஷத்தில் அப்லிங்க் அத்தனையும் கூரையைத் தொட்டது. வீடியோ அனுப்பியவர்கள் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்திருக்கும். அதைச் சரிசெய்தோம் என்று சொல்ல மாட்டேன். மேலே போட்ட 128 மெகாபிட் கணக்கை எந்த டில்ட்டும் மாற்றாது. வட்டம் சுற்றும்போதே 108 போட்டால் போகணும் என்பதுதான் நாங்கள் வைத்துக்கொண்ட இலக்கு, அது நடந்தது.

சறுக்கியது மத்தியானம். ராமராயர் மண்டபத்தில் தண்ணீர் பீய்ச்சும் நேரம், கூட்டம் அங்கே திரும்பியாகிவிட்டது. ஆற்றுக்கென்று குனியவைத்த செக்டார்களில் ஒன்று அந்தப் பக்கத்துக்கும் வேண்டியது. அதை நிமிர்த்தும் நேரத்தை அட்டவணையில் ஊர்வலம் கிளம்பும் நேரத்தை வைத்துப் போட்டிருந்தோம். ஜனம் அழகருக்கு முன்னாலேயே போய் இடம் பிடிக்கும் என்பது மதுரையில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். அட்டவணை போடும்போது நினைவுக்கு வரவில்லை. ஏறக்குறைய முக்கால் மணி நேரம் மண்டபத்தைச் சுற்றி ஒரே செல் எல்லோரையும் சுமந்தது. ரிமோட்டில் டில்ட்டைத் திருப்பி, பக்கத்து செல்லுக்கு ஆளைத் தள்ளும் எல்லையையும் மாற்றியபிறகு மூச்சு வந்தது. வண்டியூரில் மாட்டு வண்டி ஒழுங்காக இழுத்தது.

பூப்பல்லக்குக்கு அப்புறம்

அழகர் மலைக்குத் திரும்பினால் எங்களுக்கு இன்னொரு வேலை: மாற்றியதையெல்லாம் பழையபடி ஆக்குவது. அளவுருக்களை ஒரே கோப்பில் திருப்பிவிடலாம். டில்ட் பெரும்பாலும் ரிமோட் மோட்டாரில் ஓடும். சில பழைய ஆன்டெனாக்களுக்கு மோட்டார் கிடையாது, ஆள் ஏறிக் கையால் திருகணும். அந்தப் பட்டியலில் ஒரு வரி விடுபட்டுப்போனது.

ஆனி பிறந்து சில நாளில் செல்லூரிலிருந்து ஒரு புகார். டீக்கடைக்காரர். திருவிழா முடிந்ததிலிருந்து கடைக்குள் ஸ்கேன் பண்ணிப் பணம் அனுப்ப முடியவில்லையாம், ஒவ்வொரு வாடிக்கையாளரும் ரோட்டுக்கு இறங்கிப்போய் அனுப்பிவிட்டு வருகிறார்களாம். வரைபடத்தைப் போட்டுப் பார்த்தோம். அந்தப் பக்கத்து செக்டார் இன்னும் ஒன்பது டிகிரியில் குனிந்து, தன் டவரின் அடிவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

ரிக்கர் அண்ணன் பெல்ட்டை மாட்டிக்கொண்டு மேலே ஏறினார். கீழே டீக்கடை பெஞ்சில் நான். ஒவ்வொரு டிகிரிக்கும் கடைக்காரர் தன் போனை எட்டிப் பார்த்து, "இன்னுங் கொஞ்சம்ணே" என்று மேலே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். மூன்றில் நிறுத்தினோம். முதல் ஸ்கேன் எங்கள் இரண்டு டீக்கு.